கட்டித் தார் ஞானசிங்

டம்ளரில் கால்வாசித் தண்ணீரை மிச்சம் வைத்து, அதைத் தரையில் மெல்லச் சாய்க்கிறார் ஞானசிங். சாய்த்துவிட்டு இரண்டு முழங்காலிலும் கையை ஊன்றிக் குனிந்து, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறார். சவூதியில் ஜுபைல் கேம்ப்பின் மெஸ்ஸில் அது நேராகப் போய் அரிசி மூட்டை அடுக்கியிருக்கும் மூலையில் தேங்குகிறது. ஒன்பது வருடமாக அங்கேதான் தேங்குகிறது. ஒன்பது வருடமாக அவரும் ஊற்றிப் பார்க்கிறார்.

"இந்தத் தரையைப் போட்டவன் மட்டும் எனக்க கையில கெடச்சாம்னு வையி..."

"அவன் எப்பவோ ஊருக்குப் போயிட்டாண்ணே. தொடைக்கிறவன் நான்தேன் இங்க கெடக்கேன்" என்று மாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார் அழகுமலை. மெஸ்ஸின் சமையல்காரர், சிவகங்கைக்காரர்.

போன இடமெல்லாம் இதே வேலைதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஊற்றியிருக்கிறார். கல்யாண வீட்டுப் பந்தியில் ஊற்றியிருக்கிறார். தம்மாம் விமான நிலையத்தில் ஒரு தடவை பாட்டில் தண்ணீரைச் சாய்த்துவிட்டுக் குனிந்து நிற்க, காவலர் ஒருவர் வந்து என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். "சரிவு" என்றார் இவர், தமிழில். காவலரும் கொஞ்ச நேரம் கூடவே குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

குமரி மாவட்டத்தில் திங்கள்சந்தைப் பக்கத்து ஆள். படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதிலும் கடைசி மூன்று மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் மண்வெட்டி பிடிக்க வந்தவர், இன்றைக்குத் தார்ச் சாலை போடும் கும்பலுக்கு ஃபோர்மேன். புதிதாக வரும் சூப்பர்வைசர்கள் பட்டியலில் சிங் என்ற பெயரைப் பார்த்துவிட்டுத் தாடியையும் தலைப்பாகையையும் தேடுவார்கள். வழுக்கைத் தலையும் மழித்த முகமுமாக இவர் போய் முன்னால் நிற்பார். "சர்தார் கிதர் ஹை?" என்று கேட்டால், "மே ஹூம் சர்தார்" என்பார். சர்தார் என்றால் தலைவன் என்றும் பொருள், அதனால் அது பொய்யும் இல்லை. அந்த சைட்டில் தார் லாரி வந்து நின்றால் இவர் தலையை அசைக்காமல் ஒரு கூடை கீழே இறங்காது.

லாரியின் பின்பக்கம் வலது உள்ளங்கையை நீட்டிக் காட்டுவார். தொடமாட்டார், ஒரு சாண் தள்ளிப் பிடிப்பார். "நூத்தி நாப்பத்தஞ்சு" என்பார். இஞ்சினியர் சூடு பார்க்கும் கம்பியைச் செருகிப் பார்ப்பார். நூற்று நாற்பத்தைந்து காட்டும், அல்லது நாற்பத்தாறு. நாற்பத்தாறு காட்டினால், "ஒனக்க கம்பியை ரிப்பேருக்கு அனுப்பு" என்பார். சும்மா சொல்லக்கூடாது, அனுப்பிப் பார்த்ததில் ஒரு தடவை கம்பிதான் கோளாறு. அந்த ஒரு தடவையைப் பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கம்பெனி பஸ்ஸில் டீயைத் தளும்பத் தளும்ப வாங்கிக்கொண்டு ஏறுவார். சிந்தினால், "இது எவன் போட்ட ரோடு?" சிந்தாவிட்டால் எவன் போட்டது என்பதை அவரே சொல்லிவிடுவார்.

அவருக்கு வேதம் ஒன்றே ஒன்றுதான், கட்டித் தார். தாரில் கட்டி உண்டு, இளகல் உண்டு. ஜுபைல் வெயில் ஐம்பதைத் தொடும்போது ரோட்டின் மேல் எழுபது இருக்கும். இளகின தாரைப் போட்டால் டிரெய்லர் போன தடம் ஆற்றங்கரை வண்டித்தடம் மாதிரிப் பதிந்துவிடும். இளகின தார் வந்த லாரியை ஒரு முறை இவர் திருப்பி அனுப்பினார். பெரிய இஞ்சினியர் வந்து கத்தினார். இவர் ரோட்டுக்குக் குறுக்கே பாயை விரித்துப் படுத்துவிட்டார். அடுத்த மாதம், அதே இளகின தாரை வாங்கிப் போட்ட எதிர்ச்சாரியில் சக்கரம் சக்கரமாகக் குழி. "இளகுனவன் கையில தாரு குடுத்தா ரோடு அழும்" என்பார். அது அவரே உண்டாக்கிய வசனம். பக்கத்து கேம்ப்புகளில் கட்டித் தார் என்றுதான் இவருக்குப் பெயர்.

இப்படிப்பட்டவரை அவருடைய மகளே ஒரு சிக்கலில் மாட்டிவிட்டாள்.

மகள் சுபிஷா நர்ஸ். கனடாவில் வின்னிபெக் என்ற ஊரில் வேலை. மருமகன் பெபின் கம்ப்யூட்டர்காரர். போன கோடையில் இரண்டு பேருமாக ஒரு வீடு வாங்கினார்கள். வீடு சரி. தெருவிலிருந்து கார் நிறுத்தும் அறை வரைக்குமான பாதை மட்டும் வெறும் சரளைக்கல். பனி விழுந்தால் அதை அள்ள முடியாது, கல்லும் சேர்ந்து வரும். விடியற்காலை டியூட்டிக்குக் கிளம்புகிறவள் சுபிஷா. அந்த வருடக் குளிருக்குள் அவளுக்கு ஒழுங்கான பாதை வேண்டும்.

பெபின் செங்கல் பதிக்கலாம் என்றார், மார்த்தாண்டத்தில் அவர்கள் வீட்டில் பதித்திருப்பது போல. கான்கிரீட் போடலாம் என்றால், பக்கத்து வீட்டுக் கான்கிரீட் உப்புத் தூவித் தூவித் தேமல் பிடித்ததுபோல் உரிந்து கிடந்தது. சுபிஷா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "எங்கப்பா ஊருக்கெல்லாம் தாரு போட்டாரு. எனக்க வாசல்லயும் தாருதான்."

இதைக் கேட்ட அன்று ஞானசிங் மெஸ்ஸில் எல்லோருக்கும் பழச்சாறு வாங்கிக் கொடுத்தார். முப்பத்தோரு வருடத்தில் அவர் போட்ட சாலை எத்தனை நூறு கிலோமீட்டரோ. அதில் ஒரு முழம்கூடச் சொந்தக்காரர் யாருடைய வீட்டுக்கும் போகவில்லை.

சிக்கல், அங்கே தார் போடும் வெள்ளைக்காரர் எழுதிக் கொடுத்த தாளில் இருந்தது. அதைப் போனில் சுபிஷா வரிவரியாக வாசித்தாள். முழங்கால் ஆழத்துக்குத் தோண்ட வேண்டும். அடியில் ஒரு துணி விரிக்க வேண்டும்.

"துணியா? பந்தி போடப் போறானா அவன்?"

"மண்ணும் கல்லும் கலக்காம இருக்கதுக்காம்பா. குளிர்ல இஞ்ச தரையே மேல பொங்கி வருமாம். அப்புறம் தாரு. இளகுன ரகம்."

ஞானசிங் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பவும் காதில் வைத்தார்.

"என்ன ரகம்?"

"இளகுன ரகம்பா. இருக்கதுல நல்லா இளகுனது."

"கள்ளன். வெலை கொறஞ்ச தாரை ஒனக்க தலையில கெட்டப் பாக்கான். கட்டித் தாரு போடச் சொல்லு. நான் சொன்னேம்னு சொல்லு. முப்பத்தோரு வருசம்னும் சொல்லு."

சொன்னாள். வெள்ளைக்காரர் தலையைச் சொறிந்தார். அப்படித்தான் வேண்டுமென்றால் தேடிப்பிடித்துப் போடுகிறேன், ஆனால் வெடித்தால் நான் பொறுப்பில்லை என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் சொல்லிவிடுங்கள் என்றார். அக்டோபர் பிறந்துவிட்டது, இன்னும் பத்து நாளில் அங்கே தார் காய்ச்சும் ஆலையையே குளிருக்காக மூடிவிடுவார்களாம்.

"மாமா," என்று நடுவில் வந்தார் பெபின், "இங்க ஜனவரியில மைனஸ் முப்பத்தஞ்சு போகும். நீங்க மைனஸ்ல தாரு பாத்திருக்கீங்களா?"

"நீங்க எழுபதுல பாத்திருக்கீங்களா மாப்ள?"

"இல்ல மாமா."

"பிறவு என்ன?"

"அவரு கெடக்காரு. நீங்க சொன்னா போதும்பா, நான் கையெழுத்துப் போட்டிருதேன்" என்றாள் சுபிஷா.

அதோடு பேச்சு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மருமகன் கேட்ட கேள்வி செருப்புக்குள் விழுந்த ஜல்லி மாதிரி நடக்க நடக்கக் குத்தியது. இந்தப் பயலுக்குக் கண்முன்னால் காட்டிவிட வேண்டும் என்று தீர்மானித்தார். வியாழக்கிழமை மத்தியானம் மெஸ்ஸில் இருந்து இரண்டு தேங்காய்ச் சிரட்டையை எடுத்துப்போய் எண்ணெய் தடவினார். ஒன்றில் சைட்டின் தார் டாங்க்கில் இருந்து கட்டித் தார். இன்னொன்றில், பாலத்துக் கான்கிரீட் இடைவெளிகளை அடைக்கும் ரப்பர் கலந்த இளகல் தார், அவர் ஜென்மத்தில் விரும்பாத சரக்கு. ஆறினதும் சிரட்டையைக் கழற்றிவிட்டு, இரண்டு கட்டியையும் மெஸ்ஸின் ஃப்ரீசரில் அயிலை மீனுக்குப் பின்னால் வைத்தார். அவருக்குத் தெரிந்த குளிர் அந்த ஃப்ரீசர்தான், மைனஸ் பதினெட்டு. மறுநாள் எடுத்து, கட்டித் தார் கல்லாக நிற்பதையும் இளகல் தார் அல்வாவாக வழிவதையும் வீடியோவில் காட்டுவது என்று திட்டம். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. விடுமுறை. அழகுமலை சுக்குக் காப்பி போடத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கருப்பட்டி தேடினார். டப்பாவில் இல்லை. மீன் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தவர் கண்ணில் சிரட்டை வடிவத்தில் இரண்டு கட்டி பட்டது. மேலே பனி படிந்து, பழைய கருப்பட்டி மாதிரிச் சாம்பல் பூத்திருந்தது. ஞானசிங்கின் மனைவி தேவகனி ஆள் வரும்போதெல்லாம் ஊரிலிருந்து கருப்பட்டி கொடுத்தனுப்புவது கேம்ப்புக்கே தெரியும். புழுக்கத்தில் கசியாமல் இருக்க அண்ணன் உள்ளே வைத்திருக்கிறார் என்று நினைத்தார். குற்றம் சொல்ல முடியாது. நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

ஞானசிங் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு மெஸ்ஸுக்குள் வந்தபோது, அழகுமலை அம்மிக்குழவியோடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, இந்தா பாருங்க. அண்ணி குடுத்துவிட்டதுல ஒண்ணு நல்ல சரக்கு. லேசா ஒரு போடுதேன் போட்டேன், கண்ணாடி கணக்கா சிதறிப்போச்சு. இது இன்னொண்ணு இருக்கே, களவாணிச் சரக்கு. அடிக்க அடிக்க அமுங்குது, ஒடைய மாட்டேங்குது. எவனோ ரப்பரக் கலந்து ஏமாத்திப்புட்டான்."

ரப்பர் என்று அவர் சரியாகவே சொன்னார். ஞானசிங் பிரஷ்ஷை எடுக்காமலே குனிந்தார். கட்டித் தார் தரை முழுக்கத் துண்டு துண்டாகக் கிடந்தது. ஒரு துண்டு அரிசி மூட்டை வரைக்கும் போயிருந்தது. பாத்திரத்தில் சுக்கு மணத்தோடு புது ரோட்டு மணமும் ஆவியாக எழும்பிக்கொண்டிருந்தது.

"இதை எவன் குடிச்சான்?"

"இன்னும் யாரும் குடிக்கலண்ணே. நான்தேன் ஒரு வாய் பதம் பாத்தேன். இனிப்பே ஏறல. இன்னும் ரெண்டு துண்டு போடவா?"

"அழகுமலை, அது தாரு."

"எதுண்ணே?"

"ரெண்டும்."

அழகுமலை குழாயடிக்குப் போய் ஏழு தடவை வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். "தாரு குடிச்சவன் செத்துருவானாண்ணே?"

"முப்பத்தோரு வருசமா மூக்கு வழியா குடிச்சுக்கிட்டு இருக்கேன். எனக்கு என்ன வந்துச்சு?"

ஆனால் அவர் கவனம் அதில் இல்லை. பெரிய துண்டு ஒன்றைப் பொறுக்கி, திரும்ப ஃப்ரீசரில் வைத்து, ஒரு மணி நேரம் கழித்து எடுத்து, குழவியால் தட்டினார். நொறுங்கியது. அமுங்கிய கட்டியையும் வைத்து எடுத்துத் தட்டினார். அமுங்கியது. வழியவும் இல்லை, அல்வாவாகவும் இல்லை. தோல் மாதிரி வளைந்து கொடுத்தது. மூன்றாவது தடவையும் செய்து பார்த்தார். தார் அவர் வயசுக்கு மரியாதை கொடுக்கவில்லை.

மைனஸ் பதினெட்டில் இந்தக் கதி என்றால் முப்பத்தைந்தில் என்ன ஆகும், தரை பொங்கி வரும்போது என்ன ஆகும் என்பதற்கு இஞ்சினியர் வேண்டியதில்லை.

சாப்பாட்டு நேரம் வரைக்கும் அவர் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மகள் கையெழுத்துப் போடுவாள். ஜனவரியில் பாதை வெடிக்கும். வெள்ளைக்காரன் ரோலரைச் சரியாக ஓட்டவில்லை என்று சொல்லிவிடலாம். அந்த வசனத்தைக்கூட மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெடிப்பில் காரை இறக்கி ஏற்றப் போகிறவள் அவள். "நீங்க சொன்னா போதும்பா" என்று சொன்னவளும் அவள்தான்.

மத்தியானச் சோற்றில் அழகுமலை ஒரு கேள்வியையும் சேர்த்துப் பரிமாறினார். "அப்ப எதுண்ணே நல்ல தாரு? நொறுங்குனதா, அமுங்குனதா?"

"இஞ்ச நொறுங்குனது."

"அங்க?"

ஞானசிங் மோரை ஊற்றிப் பிசைந்தார்.

சாயங்காலம் ஐந்தடிக்கப் பத்து நிமிடம். வின்னிபெக்கில் காலை ஒன்பதடிக்கப் பத்து நிமிடம். வீடியோவில் சுபிஷா கம்பளிச் சட்டையோடு வாசலில் நின்றாள். ஒரு கையில் தாள், இன்னொரு கையில் பேனா. பின்னால் வெள்ளைக்காரர் தன் வண்டியில் சாய்ந்து நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, கையெழுத்துப் போடப் போறேன்."

"போடாத."

"என்னது?"

"போடாத மக்கா. அந்த ஆளு சொன்ன தாரையே போடச் சொல்லு."

"நீங்கதானப்பா கள்ளன்னு சொன்னீங்க. நான் மூணு நாளா அவருகூடச் சண்ட போட்டுக்கிட்டு இருக்கேன்."

"நான் சொன்னது ஜுபைலுக்கு. ஃப்ரீசர்ல வச்சு அடிச்சுப் பாத்தேன். நொறுங்கிப் போச்சு. ஒனக்க ஊருக்கு அது ஆவாது. நான் சொன்னது தப்பு."

மகள் பேனாவை மூடினாள். திரையின் ஓரத்தில் பெபினின் தலை எட்டிப் பார்த்தது.

"மாமா, இங்க சிக்னல் விட்டு விட்டு வருது. கடைசியா என்ன சொன்னீங்க?"

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. வெள்ளைக்காரர் காப்பியை உறிஞ்சிய சத்தம்கூட ஜுபைலுக்குக் கேட்டது.

"தப்புன்னு சொன்னேன் மாப்ள. கேட்டுதா? இன்னொரு தடவ வேணுமா?"

"கேட்டுது மாமா."

"கேட்டுதுல்லா? இனி நான் சொல்லுகதையும் கேளுங்க. அவன் தோண்டட்டும், துணி விரிக்கட்டும், என்ன இழவையும் செய்யட்டும். கடைசி ரோலர் ஓட்டுகதுக்கு முன்னால எனக்குப் போன் வரணும். மக்கா, நீ ஒரு மக்கு தண்ணி எடுத்து வச்சுக்கோ."

ஐந்தாம் நாள் போன் வந்தது. சூடான தாரின் மேல் சுபிஷா ஒரு மக்குத் தண்ணீரைச் சாய்த்தாள். "போனைத் தரைமட்டத்துல பிடி, இன்னும் தாத்து" என்றார் இவர். ஆவி பறக்கத் தண்ணீர் தெருப் பக்கம் ஓடியது. கார் அறையின் கதவுக்கு இரண்டடி முன்னால் மட்டும் ஒரு தாம்பாள அளவுக்குத் தயங்கி நின்றது. இந்த அளவு எல்லா இடத்திலும் இருப்பதுதான் என்றாராம் வெள்ளைக்காரர்.

"அவன்கிட்ட கேளு, அது உறஞ்சா அவன் வந்து வழுக்கி விழுவானான்னு."

சுபிஷா எப்படி மொழிபெயர்த்தாளோ தெரியாது. அவர் சிரித்துவிட்டு, லாரியில் மிச்சமிருந்த சூடு தாரில் ஒரு மண்வெட்டி அள்ளிப் போட்டு, பரப்பி, ரோலரை ஏற்றினார். மறுபடி ஊற்றினாள். தண்ணீர் நிற்காமல் தெருவுக்குப் போனது.

"அப்பா, நீங்க எந்தக் கம்பெனின்னு கேக்காரு."

"ஜுபைல்னு சொல்லு."

ஜனவரியில் போட்டோ வந்தது. இரண்டு பக்கமும் இடுப்பளவு வெள்ளைப் பனி. நடுவில் கறுப்பாக, வெயிலில் பளபளக்க ஒரு பாதை. 'மைனஸ் முப்பத்தாறு. ஒரு கீறல் இல்லப்பா' என்று எழுதியிருந்தாள். பஸ்ஸில் முன் வரிசையிலிருந்து பின் வரிசை வரைக்கும் போன் போய் வந்தது. "குளிர் ஊருக்குன்னா இளகல் தாருதான். இதுகூடத் தெரியாதவனுக்கு எதுக்கு இந்தத் தொழில்? ஃப்ரீசர்ல வச்சு சோதிச்சு நானே எடுத்துக் குடுத்தேன்" என்று விளக்கிக்கொண்டு வந்தார். அழகுமலையும் அதே பஸ்ஸில் இருந்தார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, வாயை ஒரு தடவை துடைத்துக்கொண்டதோடு சரி.

மெஸ்ஸில் எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு ஞானசிங் ஃப்ரீசரைத் திறந்தார். நூற்று நாற்பத்தைந்தைத் தொடாமலே சொல்லும் அந்த வலது கையை, அயிலை மீன்களுக்கு நடுவில் மணிக்கட்டு வரைக்கும் நுழைத்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு காட்டுது அழகுமலை?"

"மைனஸ் பதினெட்டுண்ணே. கதவ மூடுங்க, மீனு கெட்டுப்போகும்."

"அவளுக்கு இதுல ரெண்டு பங்கு."

ஞானசிங் இடது கையையும் உள்ளே விட்டார்.